மழைக் கிராணி எழுதிய இலையுதிர் காலம்

போன மாதம் ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காக உங்கள் வானிலை அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்களில் ஒருவர் தொலைபேசியில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கிள்ளானில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்ட யாரோ ஒரு பெரியவர் போலிருக்கிறது. "நவம்பர்ல இது நார்மல்தான் அங்கிள்" என்று மிகவும் கனிவாகச் சொன்னார். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, மீதியிருந்த கறிபாப் பலகாரத்தைச் சாப்பிட்டார். நல்ல பிள்ளை. அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்ற அந்தப் பெரியவருக்கு, தன் வீட்டுக்குள் வந்திருப்பது முறைப்படி வந்த தண்ணீர்தான் என்ற திருப்தியாவது கிடைத்திருக்கும்.

நான் அவரைத் திட்டவில்லை. திட்டும் தகுதி எனக்கு இல்லை. அதே வார்த்தையை வைத்து அவரைவிடப் பெரிய காரியம் செய்தவன் நான். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசும்படி கேட்டதால் அதைச் சொல்கிறேன். மழைமானியை எப்படிப் படிப்பது என்பது உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுவோம்.

ஜப்பான்காரர்கள் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். கிள்ளானிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு சிறிய வானிலை நிலையத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். தகரக் கூரை போட்ட ஓர் அறை, முற்றத்தில் மழைமானி, வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள், அவ்வளவுதான். வெள்ளைக்கார அதிகாரி ஊரை விட்டு ஓடும் முன்பு பழைய மழைப் பதிவேடுகளையெல்லாம் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார். எதிரியின் கையில் சிக்கக் கூடாதாம். எத்தனையோ வருடத்து மழை அரை மணி நேரத்தில் சாம்பலானது. மழைமானியை மறந்து விட்டுவிட்டுப் போனார். என்னையும்தான்.

புது ஆட்சியில் முதலில் மாறியது கடிகாரம். மலாயாவின் கடிகாரங்கள் எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டன. சூரியனுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. அடுத்து படிவங்கள் வந்தன. அவர்கள் நாட்டில் அச்சடித்த படிவங்கள். முதல் உறைபனி விழுந்த தேதி, இலைகள் சிவந்த தேதி, இலைகள் கொட்டி முடிந்த தேதி என்று வரிசையாகக் கட்டங்கள். உறைபனிக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதி அனுப்பினேன். படிவம் திரும்பி வந்தது. "இல்லை" என்பது சோம்பேறியின் பதிலாம். அதற்குப் பிறகு வாராவாரம் "இன்னும் விழவில்லை" என்று எழுதினேன். அது ஏற்கப்பட்டது.

இதையெல்லாம் எனக்குப் படித்துச் சொன்னவர் செல்லையா. தமிழ்ப் பள்ளி வாத்தியாராக இருந்தவர். பள்ளியை மூடியதும் ஆறு மாதம் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய் மொழிபெயர்ப்பாளர் ஆகியிருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். இரண்டு தரப்பும் கோபப்படாதபடி பேச்சை மெருகேற்றி மாற்றிச் சொல்வதில் கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில்தான் அவருடைய தலை கழுத்தின் மேல் இருந்தது.

அந்த ஆட்சியின் இரண்டாவது வருடம் ஊரில் உப்புக்குப் பெரிய தட்டுப்பாடு. உப்பு எடுப்பதற்கென்று ஒரு ஜப்பானியரை அனுப்பினார்கள். ராணுவக்காரர் இல்லை, சிவில் ஆள். அவரை எல்லோரும் உப்புத் துரை என்றார்கள். அவர் முட்டாள் இல்லை. அவர் பிறந்தது ஒரு கடலோரத்தில், உப்புப் பாத்திகளுக்கு நடுவில். அவர்கள் கடற்கரையில் நவம்பர் மாதம் வானம் பளிச்சென்று இருக்குமாம். காய்ந்த காற்று வீசுமாம். பாத்தியில் விட்ட தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உப்பாகிவிடுமாம். கிள்ளானுக்கு வடக்கே காப்பார் பக்கம் சதுப்பு நிலத்தில் பாத்தி கட்டுவது என்று முடிவு செய்துவிட்டு, அதற்கு வானிலைச் சான்று வாங்க செல்லையாவோடு என்னிடம் வந்தார்.

"பின் இலையுதிர் காலத்துல இந்தக் கடற்கரையோட வழக்கமான வானிலை என்னன்னு கேக்கறாரு" என்றார் செல்லையா.

"பின் இலையுதிர் காலமா?"

"நவம்பர்தான்யா. அவங்க ஊர்ல இலையெல்லாம் கொட்டி முடியற நேரம்."

"மழை பெய்யும்ணே. மத்தியானமானா கொட்டும். இது அவருக்கே தெரியாதா?"

செல்லையா அதைச் சொன்னார். எப்படிச் சொன்னாரோ தெரியாது. உப்புத் துரை புன்னகையோடு பதில் சொன்னார்.

"போன நவம்பர் மழை வழக்கத்துக்கு மாறான மழைங்கறாரு. போர் நடந்த வருஷமாம். இது கடற்கரை, அது நவம்பர், கடற்கரை நவம்பர் காய்ஞ்சுதான் இருக்கணும்னு சொல்றாரு. உன்கிட்ட பழைய பதிவு ஏதாச்சும் இருக்கான்னு கேக்கறாரு."

பதிவுகள் சாம்பலாகிவிட்டதைச் சொன்னேன். உப்புத் துரையின் முகம் இறுகியது. பதிவு இல்லாத நிலையத்துக்கு ஆள் எதற்கு, சயாமில் ரயில் பாதை வேலைக்கு ஆள் போதவில்லையே என்று கேட்டாராம். இதைச் செல்லையா மெருகு எதுவும் போடாமல் சொன்னார். சாயங்காலத்துக்குள் எழுத்தில் தரவேண்டும் என்று சொல்லிவிட்டு உப்புத் துரை போனார்.

சயாம் என்ற சொல்லுக்கு அன்று என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தோட்டங்களிலிருந்து ஆட்களை ரயிலேற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்கள் என்று யாரையும் நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. நான் இரண்டு மணி நேரம் யோசித்தேன். மழை பெய்யும் என்று எழுதினால் நான் சயாமுக்கு. பெய்யாது என்று எழுதினால் பொய். முதல் மழையில் நான் சயாமுக்கு. கடைசியில் ஒரு வரி கிடைத்தது. அதை எழுதிவிட்டு, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"இந்தக் கடற்கரையில் பின் இலையுதிர் காலத்து வானிலை, வழக்கமாக இருப்பது போலவே இருக்கும்."

செல்லையா படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லையே லா."

"அதுதாண்ணே வேணும்."

"பொழைச்சுக்குவ நீ" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே ஜப்பானிய மொழியில் எழுதினார்.

உப்புத் துரைக்குப் பரம திருப்தி. அவருக்குத் தெரிந்த வழக்கம் ஒன்றுதான்: பளிச்சென்ற வானம், காய்ந்த காற்று. அரசு வானிலை நிலையமே அதை உறுதி செய்துவிட்டது. முத்திரை குத்தி மேலிடத்துக்கு அனுப்பினார். நான் எதையும் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்க விரும்பியது அவருக்குக் கேட்டுவிட்டது.

காப்பாரில் வேலை தொடங்கியது. அங்கே தென்னந்தோப்புக்குள் கடல் வராமல் இருக்க வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு மண்கரை போட்டிருந்தார்கள். பாத்திக்குக் கடல்நீர் வேண்டுமென்று அந்தக் கரையை மூன்று இடத்தில் வெட்டி, பலகைக் கதவு வைத்தார்கள். கரைக்குப் பின்னால் பள்ளத்தில் வேலையாட்கள் தங்க நீளமாக ஒரு கொங்சிக் கொட்டகை. வேலையாட்கள் முக்கால்வாசிப் பேர் தோட்டத்துத் தமிழர்கள், ஆணும் பெண்ணுமாக. போட்டி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். காரணம், உப்பு வேலை செய்பவர்களைச் சயாமுக்கு எடுப்பதில்லை. ஆனால் அனுமதி இல்லாமல் உப்பள வாசலைத் தாண்டினால் ஓடிப்போன ஆள் என்று கணக்கு. பிடிபட்டால் நேரே ரயில்தான்.

அக்டோபர் கடைசியில் பாத்தி வேலையைப் பார்க்க என்னை அழைத்துப் போனார்கள். கரையோரம் நின்றுகொண்டிருந்தபோது மண்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மாரியாயி என்று பெயர். புருஷனை ஆறு மாதம் முன்பு சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"நீங்கதான் மழைக் கிராணியா?"

"ஆமா. என்னம்மா?"

"நான் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துல பொறந்தவ. ஐப்பசி, கார்த்திகையில எங்க ஊர்ல உப்பளத்துப் பக்கம் ஒரு ஆளும் போகமாட்டான். பாத்தியெல்லாம் மழைத்தண்ணி நிக்கும். இங்கயும் இந்த மாசம் மழைதான். இத்தன வருஷமா பாக்கறேன். இப்ப போயி பாத்தி கட்டச் சொல்றாங்க. கேட்டா, மழ இல்லைனு கிராணி எழுதிக் குடுத்துட்டாருங்கறாங்க."

"நான் அப்படி எழுதல."

"அப்ப மழ பெய்யும்னு எழுதுனீங்களா?"

"அப்படியும் எழுதல."

"பின்ன என்னதான் எழுதுனீங்க?"

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். உத்தியோக வாழ்க்கையில் எத்தனையோ விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். அதைப் போல என்னை மடக்கிய கேள்வியை எந்த அதிகாரியும் கேட்டதில்லை.

நவம்பர் வந்தது. எப்போதும் வரும் நவம்பர்தான். தினமும் மத்தியானம் மழை கொட்டியது. பாத்தியில் விட்ட கடல்நீர் நாளுக்கு நாள் நல்ல தண்ணீராகிக்கொண்டே போனது. ஆனால் மாதக் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி முதல் உப்பைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. உப்புத் துரை அதற்கு வழி செய்தார். கிள்ளானில் தகர டின்னில் கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுப்பவர்களிடம் கள்ளச் சந்தையில் மூட்டை மூட்டையாக வாங்கிவந்து, பாத்தியில் பரப்ப வைத்தார். அரசாங்க உப்பளம், கடையில் வாங்கிய உப்போடு விருந்தாளிக்காகக் காத்திருந்தது.

அந்த நாளுக்கு முன் மூன்று நாள் விடாத மழை. பரப்பிய உப்பில் பாதி கரைந்துவிட்டது. மீதியை அள்ளி மறுபடி மூட்டை கட்டினார்கள். வானிலை பற்றி அதிகாரி ஏதாவது கேட்டால் பதில் சொல்ல என்னையும் காலையிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். நண்பகலில் செய்தி வந்தது. மழை காரணமாக அதிகாரியின் வருகை ஒத்திவைக்கப்படுகிறதாம். காப்பாரில் பெய்யக் கூடாத மழை கோலாலம்பூரில் பெய்யலாம் போலிருக்கிறது.

நான் மண்கரை மேல் ஏறிப் பார்த்தேன். காலை ஓதம், அதாவது கடல் ஏற்றம், கரையின் உச்சிக்கு ஒரு சாண் கீழே வரை ஏறியிருந்த அடையாளம் தெரிந்தது. அன்று அமாவாசை. மாலை ஓதம் தோக்கியோ கடிகாரத்தில் ஏழு மணிக்கு, அதாவது இருட்டும் முன்பு, வரவேண்டும். மேற்கிலிருந்து கடல் காற்று வலுத்துக்கொண்டிருந்தது. ஆறும் நிரம்பி ஓடியது. பலகைக் கதவுகளின் இடுக்கில் இப்போதே தண்ணீர் பீறிட்டது. பள்ளத்தில் கொங்சி. உள்ளே காய்ச்சல்காரர்கள் நான்கைந்து பேர்.

கீழே இறங்கி வரும் வழியில் என் மனதில் என்ன ஓடியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். மூன்று வாக்கியங்கள் தயார் செய்தேன். கடல் சற்று உயரக்கூடும் என்று ஒன்று. கவனமாக இருப்பது நல்லது என்று ஒன்று. மூன்றாவது இன்னும் மோசம். மூன்றிலும் நான் தப்பித்துக்கொள்வேன். நீங்கள் இன்று தினசரி அறிக்கையில் எழுதுகிறீர்களே, சில இடங்களில் சில நேரங்களில் என்று, அதற்கெல்லாம் நான்தான் முன்னோடி.

கொங்சி வாசலில் மாரியாயி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்பு கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே நின்றது.

நான் செல்லையாவிடம் போனேன். "அண்ணே, நான் சொல்றத அப்படியே அவர்கிட்ட சொல்லுங்க. மெருகு போடாதீங்க."

"அப்படியே சொன்னா உனக்கு விழறது எனக்கும் சேத்து விழும்."

"தெரியும்ணே."

செல்லையா கரையைப் பார்த்தார். பிறகு, "சொல்லு" என்றார்.

"ஏழு மணிக்குக் கடல் கரைமேல வரும். கதவு பிச்சுக்கும். கொங்சி முழுகும். நான் முன்ன எழுதிக் குடுத்ததுல விஷயமே இல்ல. பயந்துக்கிட்டு எழுதினேன். இந்த ஊர் நவம்பர் இதுதான்."

செல்லையா ஒவ்வொரு வரியாகச் சொன்னார். உப்புத் துரை கேட்டு முடித்ததும் என்னை இரண்டு அறை அறைந்தார். செல்லையாவுக்கு ஒன்று, மொழிபெயர்ப்புக்காக. பிறகு கரைமேல் ஏறினார். வெகுநேரம் கடலையே பார்த்தார். குனிந்து, கரையின் உள்பக்கம் கசியும் ஈரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். அவரும் கடலோரத்துப் பிள்ளை அல்லவா? இறங்கி வரும்போது முகம் வெளுத்திருந்தது. ஓர் உத்தரவு போட்டார்.

"உப்பக் காப்பாத்தணுமாம்" என்றார் செல்லையா என்னிடம். "மேட்டுல இருக்கற பழைய ரப்பர் ஸ்டோருக்குக் கொண்டுபோகச் சொல்றாரு."

"ஆளுங்க?"

"ஆளப் பத்தி ஒண்ணும் சொல்லல."

இருந்த ஒரே லோரி சேற்றில் அச்சு வரை புதைந்து கிடந்தது. செல்லையா உப்புத் துரையிடம் திரும்பி மிகப் பணிவாக ஏதோ கேட்டார். அவர் எரிச்சலோடு கையை வீசிப் பதில் சொன்னார். பிறகு செல்லையா கொங்சியின் முன்னால் போய், வகுப்பறையில் பேசுவது போல உரக்கச் சொன்னார்.

"லோரி போகாது. உப்பத் தலைச்சுமையா மேட்டுக்குக் கொண்டுபோகணும். தேவையான ஆள் எல்லாம் போகலாம்னு உத்தரவு. எல்லாருமே தேவை."

கடைசி இரண்டு சொற்கள் செல்லையாவின் சொந்தச் சரக்கு. மற்றவர்களுக்குப் புரிவதற்குள் மாரியாயிக்குப் புரிந்துவிட்டது. மூட்டைகளைப் பிரித்துப்போட்டார். தூக்க முடிந்தவர்களுக்கு அரை மூட்டை. முடியாதவர்களுக்குத் தலைத்துணியில் ஒரு முடிச்சு. கர்ப்பிணி ஒருத்திக்கு இரண்டு கைப்பிடி. "உப்பு இல்லாம ஒருத்தரும் வாசலத் தாண்டாதீங்க. கேட்டா உப்பக் காட்டுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினார். காய்ச்சல்காரர்களைக் கொங்சியின் கதவுப் பலகையில் படுக்கவைத்துத் தூக்கினார்கள். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு கொட்டாங்கச்சி உப்பு. வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலாளி பலகையைப் பார்த்தான், கொட்டாங்கச்சியைப் பார்த்தான், தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டான். உப்பு போகவேண்டும் என்பது உத்தரவு. உப்பு போய்க்கொண்டிருந்தது.

நானும் ஒரு முடிச்சைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஸ்டோரை அடைந்தபோது பாதிப் பேர் கையில் ஈரத்துணிதான் மிச்சம் இருந்தது.

ஏழு மணிக்குச் சற்று முன்பே கதவுகள் பிய்த்துக்கொண்டன. சத்தம் மேடு வரை கேட்டது. வெளிச்சம் இருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தோம். கொங்சி முதலில் சாய்ந்தது, பிறகு மிதந்தது, பிறகு தனித்தனிக் கட்டையாகிப் போனது. ஆட்களை எண்ணியபோது ஒருவர் குறைந்தார். சின்னப்பன் என்பவர், கூண்டில் விட்டுவந்த இரண்டு கோழிகளுக்காகப் பாதி வழியில் திரும்பியிருக்கிறார். மூன்றாம் நாள் சதுப்பு மரத்து வேர்களுக்கு இடையில் கிடைத்தார். அவரை நான் மறந்ததே இல்லை. என் ஒரு வரி இல்லாவிட்டால் அந்தக் கொங்சி அந்த இடத்தில் இருந்திருக்காது.

மேலிடம் விளக்கம் கேட்டது. இது வழக்கமான வானிலையா, வழக்கத்துக்கு மாறானதா? வழக்கத்துக்கு மாறானது என்று எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது என்று செல்லையா மூலம் உப்புத் துரை சொல்லி அனுப்பினார். நான் எழுதினேன்: "நவம்பரில் இந்தக் கரையில் மழையும் பெரிய ஓதமும் ஒவ்வொரு வருடமும் வரும். இங்கே இலையுதிர் காலம் கிடையாது." அதற்குத் தண்டனையாக, நாள் முழுக்க வெயிலில் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். அன்று வெயிலே இல்லை. மழையில் நின்றேன். பிறகு வேலையை விட்டுத் துரத்தி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டில் மூட்டை எண்ணும் வேலைக்குத் தள்ளினார்கள். சயாமுக்கு அனுப்பாதது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இங்கே கதையை முடித்தால் உண்மை சொன்னவன் ஜெயித்தான் என்று நீங்கள் கைதட்டலாம். பொறுங்கள். என் அறிக்கையைப் படித்துவிட்டு உப்பளத்தை மூடினார்கள். மூடியதும் அங்கே வேலை செய்தவர்களுக்கு இருந்த விலக்கும் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து, யார்டில் நின்ற ஒரு சரக்கு வண்டியின் கதவோரத்தில் மாரியாயியைப் பார்த்தேன். உப்பளத்து ஆட்கள் பலர் அதே வண்டியில் இருந்தார்கள்.

"மழைக் கிராணிதானே?" என்றார்.

"ஆமாக்கா."

"சயாம் பக்கம் மழ எப்படி இருக்கும்?"

ஆறுதலாகச் சொல்ல எத்தனையோ வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. "தெரியாதுக்கா. நான் அந்த ஊர் மழையைப் பாத்ததில்ல. நம்ம பக்கம் மாதிரியே இருக்கும்னு நம்பாதீங்க. ஆத்தோரத்துல குடிசை போடவிடாதீங்க. எங்க போனாலும் மேட்டுல இடம் புடிங்க."

அவர் தலையசைத்தார். "இதையே அன்னிக்கி எழுதியிருக்கலாம்ல?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. வண்டி நகர்ந்தது.

சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தவர்களின் ரயில் வரும்போதெல்லாம் போய் நின்றேன். ஒரு நாள் உப்பளத்து ஆள் ஒருவரைக் கண்டுபிடித்தேன். எலும்பும் தோலுமாக இருந்தார். மாரியாயியைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தம்மா சண்ட போட்டு எங்க குடிசைய மலைச்சரிவுல போட வச்சுச்சுங்க. மழைக் காலத்துல ஆறு பொங்கி, கீழ இருந்த குடிசையெல்லாம் அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு. எங்க ஆளுங்க ஒருத்தரும் போகல."

"அப்ப அவங்க வந்துட்டாங்களா?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மழ விட்டதும் காலரா வந்துச்சுங்க. அதுக்கு மேடு, பள்ளம் தெரியல."